வீட்டு வாயிலைத் தேடிச் செல்வோம்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசவே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இவை யாவும் கண்ணுக்குத் தெரியும் குறைகள். குழாயில் நீர் வராவிட்டால் பத்துப் பேர் குடத்துடன் வந்து நிற்பார்கள். ஆனால், நம் ஊர்களில் கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்றும் உண்டு. உடலிலோ அறிவு வளர்ச்சியிலோ குறைபாடுள்ள குழந்தையை வளர்க்கும் குடும்பத்தின் இடர்ப்பாடே அது. அந்தக் குடும்பத்தார் நம்மிடம் வந்து நிற்பதில்லை. குழந்தையை விட்டுவிட்டு வர அவர்களால் இயலாது. தூக்கிக்கொண்டு வருவதும் எளிதன்று. ஆதலின், இன்று அவர்களைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

முதலில் எங்கள் குறையை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தம் எட்டு வயது மகனை இடுப்பில் சுமந்து, இரண்டு பஸ் மாறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மூளை முடக்குவாதத்தால் கால்கள் விறைத்துப்போன பிள்ளை. மருத்துவச் சான்று வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். அவர் மருத்துவமனைக்குச் சென்ற நாள் சான்று வழங்கும் நாள் அன்று. மறுபடியும் நாள் கேட்டுச் சென்று, சான்றுடன் எங்களிடம் வந்தார். விண்ணப்பம் சேர வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் என்று அப்போதுதான் சொன்னோம். "ஐயா, இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இவனைத் தூக்கிக்கொண்டு இத்தனை அலைந்திருக்க மாட்டேனே" என்றார் அவர். எவரும் அவரிடம் கடிந்து பேசவில்லை. எல்லாம் விதிப்படியே நடந்தது. எனினும், அவருடைய மூன்று நாள் கூலி போயிற்று. ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போகாத கூலி அது.

அதனினும் பெரிய இழப்பு ஒன்றைப் பின்னர் அறிந்தோம். கைக்குழந்தைப் பருவத்திலேயே பயிற்சி தொடங்கியிருந்தால் அந்தக் கால்கள் இவ்வளவு இறுகியிரா என்று இயன்முறை மருத்துவர் கூறினார். அந்த வீட்டுக்கு எதிர்த் தெருவில் அங்கன்வாடி இருந்தது. எட்டு ஆண்டுகள் எவரும் அந்தத் தெருவைக் கடந்து செல்லவில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பதை உழவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பட்டம் தவறினால் உரம் எவ்வளவு இட்டாலும் விளைச்சல் குன்றும். குழந்தையின் வளர்ச்சிக்கும் பட்டம் உண்டு. முதல் சில ஆண்டுகளே அது. ஐந்து மாதம் ஆகியும் தலை நிற்கவில்லையா? ஒன்பது மாதம் ஆகியும் உட்காரவில்லையா? ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லையா? கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லையா? இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? "அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று காத்திருத்தல் கூடாது. உடனே காட்ட வேண்டும்.

எங்கே காட்டுவது? 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஒன்று அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். குறை கண்டால் மாவட்டத்திலுள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, காது, கண் பரிசோதனை யாவும் அங்கே உண்டு. காது கேளாத குழந்தைக்கு ஆறு வயதுக்குள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தவும் வழி இருக்கிறது. கருவி பொருத்தினால் மட்டும் பேச்சு வந்துவிடாது. பின்னர் பயிற்சியும் தொடர்ந்து வேண்டும். ஆனால், குழு வரும் நாளன்று வீட்டிலேயே கிடக்கும் குழந்தை எவர் கண்ணில் படும்? அதுவே நம் கேள்வி.

அடுத்து, சான்று. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 வகைகளாக விரித்தது. ஆட்டிசம், தசைச்சிதைவு, தாலசீமியா முதலியனவும் இப்போது அதில் அடங்கும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உண்டு என்னும் சான்றும், தனித்துவ அடையாள அட்டையும் பெரும்பாலான உதவிகளுக்கு வாயில்களாகும். சிறு குழந்தைகளுக்குத் தற்காலிகச் சான்று வழங்கப்படுவது உண்டு. கெடு முடியுமுன் அதைப் புதுப்பிக்கத் தவறிய குடும்பங்கள், உதவி ஏன் நின்றது என்று அறியாமல் திகைப்பதைக் கண்டிருக்கிறோம்.

சான்று பெற்றபின் கிடைப்பவை பல. அறிவுசார் குறைபாடு உடையோருக்கும், கடுமையான குறைபாடு உடையோருக்கும் மாநில அரசு பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. மாதம் 1,500 ரூபாயாக இருந்த அது பின்னர் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளை, நிராமயா என்னும் காப்பீட்டை நடத்துகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவையும், பயிற்சிச் செலவையும் அதில் பெறலாம். 2021-ஆம் ஆண்டு முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் செல்பவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம்.

பெற்றோர் அறியாத மற்றொன்றும் உண்டு. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டப்படி பெற்றோர் தாமாகவே காப்பாளர் ஆவதில்லை. மேற்கூறிய நான்கு வகைக் குறைபாடு உடையோருக்கு, மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் நியமனம் பெறலாம். "எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?" என்னும் கேள்வியில் உறக்கம் இழந்த தாய் தந்தையர் பலர். அந்தக் கேள்விக்கு இது முழு விடையன்று. எனினும், விடையின் முதல் வரி.

கல்வியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்பது இக்குழந்தைகளின் உரிமை. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டுக்கே சென்று கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு. "இங்கே சேர்க்க முடியாது" என்று எந்தத் தலைமையாசிரியரும் திருப்பி அனுப்பலாகாது.

இவ்வளவு இருந்தும் குடும்பங்கள் ஏன் தத்தளிக்கின்றன? திட்டங்கள் அலுவலகங்களில் இருக்கின்றன. குழந்தை வீட்டில் இருக்கிறது. இடையிலுள்ள தூரத்தைத் தாய் ஒருத்தியே நடந்து கடக்க வேண்டியிருக்கிறது. அவளோ முன்வினை என்றும், பெற்றவள் குற்றம் என்றும் ஏச்சுக் கேட்டு மனம் ஒடுங்கியவள். "முழுக் குணம் தருகிறேன்" என்று சொன்னவரிடமெல்லாம் நகையை விற்றுக் கொடுத்து ஏமாந்த வீடுகளும் நம்மிடையே இருக்கின்றன.

தூரத்தைக் குறைக்க முடியும் என்பதற்குத் தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியே சான்று. முதுகெலும்பில் காயமுற்று, கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1981-ஆம் ஆண்டில் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அச்சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, குழந்தைக்குப் பயிற்சி அளிப்பதோடு, அதைத் தொடர்ந்து செய்யும் முறையைப் பெற்றோருக்கும் கற்பிக்கிறார்கள். வழி இதுதான்: அவர்கள் வரட்டும் என்று இராமல், நாம் செல்லுதல்.

ஆதலின், ஒவ்வோர் ஊராட்சியும் நான்கு காரியங்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, ஒரு பதிவேடு. அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு, வீடு வீடாகச் சென்று குழந்தையின் பெயர், வயது, சான்றின் கெடு, பெறும் உதவி, பெறாத உதவி ஆகியவற்றை எழுதுங்கள்.

இரண்டாவது, வழித்துணை. மருத்துவ முகாம் நாளை முன்கூட்டியே அறிவித்து, வேண்டிய தாள்களைச் சரிபார்த்து, ஒரு வண்டியில் எல்லோரையும் ஒருசேர அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் ஒருமுறை உடன் சென்றால் ஒரு தாய்க்கு மூன்று பயணம் மிச்சமாகும்.

மூன்றாவது, சாய்தளம். பள்ளி, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம், நியாயவிலைக் கடை இவற்றின் படிகளை ஒருமுறை பார்வையிடுங்கள். சக்கர நாற்காலி ஏற இயலாத இடம் ஊருக்குப் பொதுவான இடம் ஆகாது.

நான்காவது, கிராம சபை. குடியரசு நாள் தொடங்கி நவம்பர் 1 முடிய ஆண்டில் ஆறு நாள் சபை கூடுகிறது. அப்பதிவேட்டை ஒவ்வொரு கூட்டத்திலும் பொருளாக வையுங்கள். வீட்டு விவரங்களைச் சபையில் படிக்க வேண்டுவதில்லை. எத்தனை பேருக்கு உதவி சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று கேட்டால் போதும். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-ஆம் ஆண்டில் நம் சட்டமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியுள்ளது. அவ்வாறு வருபவரின் குரலுக்குச் செவி கொடுப்பது நம் கடமை.

தொடக்கத்தில் கூறிய பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். அவனுக்குச் சக்கர நாற்காலி கிடைத்தது, உதவித்தொகை வருகிறது, சிறப்பாசிரியர் வீட்டுக்குச் சென்று கற்பித்ததில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். கால்கள் மட்டும் நிமிரவில்லை. போன எட்டு ஆண்டுகளைத் திருப்பித் தர எங்களிடம் திட்டம் எதுவும் இல்லை. ஆனால், இன்று உங்கள் ஊரில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று உட்காராமல் இருக்கக்கூடும். அதற்குப் பட்டம் இன்னும் தவறவில்லை.

இக்கூட்டம் முடிந்து ஊர் திரும்பும் நீங்கள், நாளைக் காலையில் அப்படி ஒரு வீட்டின் வாயிலுக்குச் செல்லுங்கள். அந்தத் தாயிடம் குழந்தையின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். மீதியை நாம் சேர்ந்து செய்வோம்.