ஃபைபர் படகின் தோலைக் காப்போம்: பாலிஷ் மெஷினும் நம் குழுக் கணக்கும்

(கடலோரக் குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டப் பொருளில் "படகுப் பராமரிப்பு" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது ஆம்பளைங்க வேலையாச்சே, எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் நம்ம கடன் லெட்ஜரில் இருக்கிறது. பல வீடுகளில் படகு வீட்டுக்காரர் பேரில் இருக்கும். அதற்காக வாங்கிய கடன் குழுவில் உங்கள் பேரில் இருக்கும். படகு பத்து நாள் கரையில் கிடந்தால் அந்த மாசத் தவணை எங்கே இடிக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கடன் நம்முடையது என்றால், அந்தக் கடனில் வந்த பொருள் எப்படிக் கெடுகிறது, எப்படிக் காப்பது என்று தெரிந்துகொள்வதும் நம் பொறுப்புதான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியது. கட்டுமரம் என்றால் கட்டை அவிழ்த்துக் காயப்போட்டால் போதும். ஃபைபர் படகு அப்படியல்ல. கண்ணாடி நார் விரிப்பை ரெசின் விட்டு அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது அது. அதன் வெளிப்பக்கம் வழவழவென்று ஒரு பூச்சு இருக்கிறது பாருங்கள், அதற்குப் பெயர் ஜெல்கோட். அதுதான் படகின் தோல். உள்ளே இருக்கும் நாருக்குத் தண்ணீர் போகாமல் தடுப்பது அதுதான். அதன் தடிமன் எவ்வளவு தெரியுமா? சாதாரணமாக அரை மில்லிமீட்டர் அளவுதான். இந்த அரை மில்லிமீட்டரை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாங்கள் சொல்லப்போவது எல்லாம் அதைச் சுற்றித்தான்.

வெயிலும் உப்பும் சேர்ந்து இந்தத் தோலை மெல்ல மெல்ல அரிக்கும். முதலில் பளபளப்பு போகும். பிறகு நிறம் வெளுக்கும். விரலால் தேய்த்துப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டும். அந்த நிலையில் பலர் செய்வது என்ன? மேலேயே பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். மாவு மாதிரி உதிரும் பரப்பில் பெயின்ட் எத்தனை நாள் நிற்கும்? சில மாசத்தில் உரிந்துவிடும். திரும்பப் பெயின்ட், திரும்ப உள்கடன்.

இதற்குக் குறைந்த செலவில் ஒரு வழி இருக்கிறது. கார் பாலிஷ் போடும் சின்ன மெஷின் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாதாரண வகை சுமார் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. இருபத்தெட்டு, முப்பது அடிப் படகைக் கையால் தேய்த்தால் ஒரு பக்கம் முடிப்பதற்குள் தோள் விட்டுப்போகும். மெஷின் இருந்தால் அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் விலை குறைந்த மெஷினில் நல்லதும் உண்டு, ஆபத்தும் உண்டு.

எந்த மெஷின் வாங்குவது?

கடையில் மூன்று விதமாகக் காட்டுவார்கள். முதலாவது, சுற்றிக்கொண்டே ஆடி ஆடி ஓடுவது, ஆர்பிட்டல் என்பார்கள். இது மெதுவாகத்தான் தேய்க்கும், ஆனால் தோலைச் சீக்கிரம் எரிக்காது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுவே போதும். இரண்டாவது, ஒரே இடத்தில் நேராகச் சுற்றும் ரோட்டரி. வேகமாக வேலை நடக்கும். ஆனால் ஒரு இடத்தில் சில விநாடி நின்றால்கூடச் சூடேறி ஜெல்கோட் போய்விடும். கை பழகியவர்களுக்கு மட்டும்தான் இது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். மூன்றாவது, "வீட்ல கிரைண்டிங் மெஷின் இருக்கு, அதுலயே பஞ்சு மாட்டிக்கலாம்" என்பது. வேண்டாம் அக்கா! இரும்பு அறுக்கும் மெஷின் நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று ஓடும். படகுத் தோலும் போகும், பஞ்சு பறந்து கையும் போகும்.

வேலை செய்யும் முறை

1. முதலில் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உப்பும் மணலும் துளிகூட இல்லாமல் எடுக்க வேண்டும். ஒரு மணல் துகள் பஞ்சில் மாட்டினாலும் படகு முழுக்கக் கீறல்தான். பிறகு நன்றாகக் காயவிட வேண்டும்.

2. வெடிப்பு, பெயர்ந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அதை முதலில் மேஸ்திரியிடம் காட்டி ஒட்டிவிட்டுத்தான் பாலிஷ். காரணம், வாக்ஸ் போட்ட இடத்தில் ரெசின் பிடிக்காது. வாக்ஸ் போட்ட படகைப் பிறகு ஒட்ட வேண்டி வந்தால், அந்த இடத்தை அசிட்டோன் தொட்டுத் துடைத்து வாக்ஸை எடுத்த பிறகே ஒட்ட வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடியும் கூடாது, மெஷினும் ஓடக்கூடாது.

3. வெளுத்த இடத்துக்கு ரப்பிங் காம்பவுண்டு. இரண்டு அடிக்கு இரண்டு அடி என்று சிறு சிறு கட்டமாகச் செய்யுங்கள். காம்பவுண்டைப் படகில் தடவி, பஞ்சை அதன்மேல் வைத்த பிறகே சுவிட்ச் போட வேண்டும். இல்லாவிட்டால் முகமெல்லாம் தெறிக்கும். அழுத்தக் கூடாது. மெஷின் தன் எடையிலேயே ஓடட்டும், கை நகர்ந்துகொண்டே இருக்கட்டும். ஓரம், முனை, மடிப்பு இங்கெல்லாம் தோல் மெலிசாக இருக்கலாம். கையால் தேய்ப்பதே நல்லது. பதிவு எண் எழுதிய இடத்தை விட்டுவிடுங்கள்.

4. துடைத்துச் சுத்தமான பிறகு வாக்ஸ். மெலிசாகப் பூசினால் போதும். மங்கலாகக் காய்ந்ததும், வேறு சுத்தமான பஞ்சு உறை மாட்டி மெஷினை ஓட்டினால் பளபளப்பு எழும்பி வரும். காம்பவுண்டு போட்ட உறையை வாக்ஸுக்குப் பயன்படுத்தக் கூடாது.

உச்சி வெயிலில் இந்த வேலை வேண்டாம். சூட்டில் காம்பவுண்டு உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காலை நேரமோ, வலை பின்னும் கூடத்து நிழலோ நல்லது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் பராமரிப்பு வேலை பார்த்துக்கொள்வார்கள். நம்முடையது சின்னப் படகு. எஞ்சின் வேலைக்குக் கரையேறும் நாளையே நாம் இதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த அரை மில்லிமீட்டருக்கு வருவோம். காம்பவுண்டு என்பது தோலைத் தேய்த்து எடுப்பது. வாக்ஸ் என்பது தோலின்மேல் போர்வை போடுவது. இந்த வித்தியாசம்தான் முக்கியம். "பளபளன்னு இருக்கே" என்று வருஷா வருஷம் காம்பவுண்டு போட்டால், நாமே காசு கொடுத்து நம் படகின் தோலை உரிக்கிறோம் என்று அர்த்தம். ஒருமுறை காம்பவுண்டு போட்டு, அதன்பிறகு தவறாமல் வாக்ஸ் போட்டு வந்தால், அடுத்த காம்பவுண்டைப் பல காலம் தள்ளிப்போடலாம். படகில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் வாக்ஸ் இருக்கிறது. பரவி ஓடினால் திரும்பப் போடும் நேரம் வந்துவிட்டது.

வாக்ஸ் போடக்கூடாத இடமும் உண்டு. கால் வைத்து ஏறும் விளிம்பு, நின்று வலை இழுக்கும் தளம் இரண்டிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. ஈரத்தில் வழுக்கினால் ஆள் கடலில். மணலில் இழுபடும் அடிப்பகுதிக்கும் வாக்ஸ் வீண். அது தேய்ந்திருந்தால் நார் விரிப்பு வைத்து ஒட்டுவதுதான் வைத்தியம். ஓட்டையை வாக்ஸ் அடைக்காது.

பாதுகாப்பு: இதில் சமரசம் இல்லை

மெஷினை யார் பிடிப்பது என்பதை அந்தந்த வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். நீங்கள் பிடிப்பதாக இருந்தால் முந்தானையை இழுத்துச் செருகி, தலைமுடியைக் கொண்டை போட்டு, தாலிச் செயினை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். வளையல் கழற்றிவிடுங்கள். சுற்றும் பஞ்சு முதலில் பிடிப்பது இவற்றைத்தான். மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

கரண்ட் விஷயம் அதைவிடப் பெரிது. ஈர மணல், உப்புத் தண்ணீர், கரண்ட் மூன்றும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. கம்பத்திலிருந்து கொக்கி போடும் பேச்சே கூடாது. கசிவு வந்தால் தானே விழும் டிரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில்தான் மெஷினை மாட்ட வேண்டும். ஒயர் மூட்டு மணலில் கிடக்கக் கூடாது, காலில் காய்ந்த செருப்பு இருக்க வேண்டும், மழை தூறினால் வேலையை நிறுத்த வேண்டும்.

குழுவுக்கு என்ன கணக்கு?

ஆளுக்கொரு மெஷின் வாங்குவது வீண் செலவு. வருஷத்தில் ஓரிரு நாள்தான் ஒரு படகுக்குத் தேவை. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். மெஷின் 2,500, டிரிப் சுவிட்சுடன் இணைப்புப் பெட்டி 1,000, பஞ்சு உறைகள் 500. மொத்தம் 4,000 ரூபாய் பொது நிதியிலிருந்து. ஒரு படகுக்கு வாடகை 200 என்றால், இருபது படகில் முதல் திரும்பிவிடும். காம்பவுண்டும் வாக்ஸும் படகுக்காரர் செலவு. விலை உங்கள் ஊரில் கூடக்குறைய இருக்கும். நீங்களே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

மலிவு மெஷின் என்பதால் விடாமல் ஓட்டக் கூடாது. சூடேறினால் ஓய்வு கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் உப்புக் காற்று போகத் துடைத்து மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். யார் எடுத்தார்கள், எப்போது திரும்பியது, என்ன பழுது என்று ஒரு நோட்டுப் போடுங்கள். நோட்டு இல்லாத பொதுப்பொருள் யாருக்கும் இல்லாத பொருளாகிவிடும் என்பது நமக்குத் தெரியாததா?

சகோதரிகளே, பாலிஷ் போட்டதால் வலையில் மீன் கூட விழப்போவதில்லை. கடன் முடியும் முன்னே படகு முடிந்துவிடக் கூடாது, அதற்குத்தான் இவ்வளவும். அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று விஷயம் பேசி மினிட்ஸில் எழுதுங்கள்: நம் உறுப்பினர் வீடுகளில் எத்தனை ஃபைபர் படகு இருக்கிறது, அவற்றில் விரலில் வெள்ளை ஒட்டுவது எத்தனை, பொதுவில் ஒரு மெஷின் வாங்க எல்லோருக்கும் சம்மதமா. கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள். முதல் படகுக்கு வேலை தொடங்கும் நாளில் நாங்களும் உங்களோடு கரையில் நிற்போம்.