பட்டறைக்கு ஓர் எண்காட்டி



பால்மரம் சீவுகிறவர்களுக்கு அளவின் அருமையைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், கத்தி பட்டைக்குள் இறங்குகிறது. உள்ளே இருக்கும் உயிர்ப்படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னால் அது நிற்க வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். ஆழமாகச் சீவினால் மரத்தில் காயம் விழும், பிறகு வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். இந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்ணாலும் கையாலும் அளந்த குடும்பங்கள் நம் குடும்பங்கள்.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று தொழிற்பயிற்சி நிலையங்களில் இயந்திரத் தொழில் கற்கிறார்கள். பயிற்சி முடிந்து சில ஆண்டுகள் வேலை பார்த்த பின், சேமித்த பணத்தில் பழைய மில்லிங் இயந்திரம் ஒன்றை வாங்கி, வீட்டின் பின்புறம் சிறு பட்டறை போட எண்ணுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படும் ஒரு கருவியைப் பற்றி இன்று பேசுவோம். மேசை எவ்வளவு நகர்ந்தது என்பதை எண்களாக ஒளிரச் செய்யும் கருவி அது. பட்டறைகளில் இதை டி.ஆர்.ஓ. என்பார்கள். நாம் எண்காட்டி என்று சொல்வோம்.

முதலில், மில்லிங் இயந்திரம் என்ன செய்கிறது? வெட்டும் கருவி ஓரிடத்தில் நின்று சுழல்கிறது. இரும்புத் துண்டை மேசையில் இறுகப் பிடித்து, அந்த மேசையை இடமும் வலமும், முன்னும் பின்னும் நகர்த்துகிறோம். நகர்த்துவதற்குக் கைப்பிடிச் சக்கரம் உண்டு. சக்கரத்தோடு நீண்ட திருகாணியும், அதைப் பற்றிய மரையும் இருக்கின்றன. சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் மேசை 5 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 87.5 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டுமானால் பதினேழரைச் சுற்று. நடுவில் எவராவது கூப்பிட்டு, எண்ணிக்கையில் ஒரு சுற்று தவறிப் போனால் 5 மில்லிமீட்டர் பிசகு. அந்த இரும்புத் துண்டு குப்பைக்குத்தான் போகும்.

இதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. சைக்கிளில் சங்கிலி தளர்ந்திருந்தால், மிதியைச் சிறிது தூரம் அழுத்திய பிறகுதான் சக்கரம் சுழலத் தொடங்கும் அல்லவா? அதுபோலவே, திருகாணிக்கும் மரைக்கும் இடையே தேய்மானத்தால் தளர்வு உண்டாகிறது. சக்கரத்தை ஒரு திசையில் சுற்றிவிட்டு மறு திசையில் திருப்பினால், சக்கரத்திலுள்ள எண் நகரும். மேசை சிறிது நேரம் அசையாமல் நிற்கும். தளர்வு 0.3 மில்லிமீட்டர் என்றால், அந்த 0.3 மில்லிமீட்டரும் சக்கரம் சொல்லும் பொய். அனுபவசாலிகள் எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்து இந்தப் பொய்யை வென்றார்கள். அது நல்ல பழக்கம். ஆனால் ஒவ்வொரு துளைக்கும் நேரம் பிடிக்கும்.

எண்காட்டி சக்கரத்தை நம்புவதில்லை. மேசையையே நேரடியாக அளக்கிறது. மேசையோடு ஒரு நீண்ட அளவுகோல் பொருத்தப்படுகிறது. அதற்கு எதிரே, அசையாத பகுதியில் படிப்பான் ஒன்று இருக்கிறது. பரவலாகப் புழங்கும் கண்ணாடி அளவுகோலில் ஒரு கோடும் ஓர் இடைவெளியும் சேர்ந்து 0.02 மில்லிமீட்டர். ஒளி அதன் வழியே சென்று விட்டு விட்டுத் தெரிகிறது. படிப்பான் அதை எண்ணுகிறது. ஒவ்வொரு கோட்டையும் நான்காகப் பகுத்து எண்ணுவதால் 0.005 மில்லிமீட்டர் வரை காட்ட முடிகிறது. நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு என்றால் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். காந்தப் பட்டையால் அளக்கும் வகையும் உண்டு. அது எண்ணெய்க்கும் தூசிக்கும் அவ்வளவாக அஞ்சாது.

இனி, பொருத்தும் முறைக்கு வருவோம்.

முதல் வேலை அளப்பது. மேசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓட்டி, அது உண்மையில் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவை நம்பி வாங்கலாகாது. அளவுகோல் சற்று நீளமாக இருப்பதே நல்லது. குறைவாக இருந்தால், மேசை கோடிக்குப் போகும்போது படிப்பான் முட்டிக் கண்ணாடி உடைந்துவிடும்.

இரண்டாவது, இடம் தேர்வது. இடவல அளவுகோலை மேசையின் பின்புறம் வைக்கலாம், முன்புறமும் வைக்கலாம். பின்புறம் வைத்தால், அதன் பருமன் அளவுக்கு மேசை பின்னோக்கிப் போகும் தூரம் குறையும். இயந்திரத்தின் தூணில் முட்டவும் கூடும். முன்புறம் வைத்தால் மேசையை இறுக்கும் பூட்டுகளுக்கு இடைஞ்சல். ஆகவே ஒரு துளைகூடப் போடுவதற்கு முன், அளவுகோலைக் கையால் பிடித்துக்கொண்டு மேசையை எல்லாத் திசைகளிலும் கோடிவரை ஓட்டிப் பாருங்கள். இரும்பில் போட்ட துளையை அழிக்க முடியாது.

மூன்றாவது, துளை போடுவது. மின்சாரச் செருகியைக் கழற்றிவிட்டே இதைச் செய்ய வேண்டும். 5 மில்லிமீட்டர் திருகாணிக்கு 4.2 மில்லிமீட்டர் துளையிட்டு மரை போடுவார்கள். உள்ளே எண்ணெய்க் குழாயோ, தேய்மான முகமோ இருக்கிறதா என்று பார்த்து ஆழத்தை அடக்கிக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பின் தூள் சாணைப் பொடிபோல் அரிக்கக் கூடியது. கண்ணாடியும் முகமூடியும் அணியுங்கள். முடிந்ததும் தூளை ஊதாமல் உறிஞ்சியோ துடைத்தோ எடுங்கள். ஊதினால் அது மேசையின் சறுக்கு வழிக்குள் புகுந்துவிடும்.

நான்காவது, நேர்படுத்துவது. டயல் கேஜை நிலையாக நிறுத்தி, அதன் முனை அளவுகோலின் உடலைத் தொட, மேசையை ஓட்டுங்கள். முள் கோடிக்குக் கோடி 0.1 மில்லிமீட்டருக்குள் நின்றால் போதும். மேலும் கீழும் ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை பார்க்க வேண்டும். இங்கே ஒரு வியப்பைச் சொல்லலாம். 500 மில்லிமீட்டர் தூரத்தில் அளவுகோல் 1 மில்லிமீட்டர் சாய்ந்திருந்தால் கணக்கில் எவ்வளவு பிழை வரும்? பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். 0.001 மில்லிமீட்டர்தான்! அப்படியானால் நேர்படுத்துவது எதற்கு? சாய்ந்த அளவுகோலில் படிப்பான் ஒரு பக்கமாக இழுக்கப்பட்டுத் தேய்ந்து, நாளடைவில் சிக்கிக்கொள்ளும். கருவி நீண்ட நாள் உழைக்கவே இந்தப் பாடு.

ஐந்தாவது, படிப்பானைத் தாங்கும் தகடு. இதில் சிக்கனம் கூடாது. மெல்லிய தகடு வளையும். அது வளைந்த அளவும் எண்ணில் பிழையாக வந்து சேரும். கெட்டியான தகட்டைப் பயன்படுத்துங்கள். அளவுகோலின் திறந்த வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். இரும்புச் சீவலும் குளிர்நீரும் உள்ளே விழாது. கம்பிகள் மேசையோடு சேர்ந்து இழுபடாதபடி வளையம் விட்டுக் கட்டுங்கள்.

எல்லாம் முடிந்தபின் சோதனை. அளவு உறுதியாகத் தெரிந்த கட்டை ஒன்றை, உதாரணமாக 50 மில்லிமீட்டர் கட்டையை வைத்து, டயல் கேஜால் இரு முகங்களையும் தொட்டு, எண்காட்டி அதே 50-ஐக் காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு திசைகளிலிருந்தும் வந்து பாருங்கள். இந்தச் சோதனை இல்லாமல் வேலை தொடங்கலாகாது.

இக்கருவியின் உதவி எத்தகையது? 60 மில்லிமீட்டர் வட்டத்தில் சம தூரத்தில் ஆறு துளைகள் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். நடுப்புள்ளியில் எண்ணைச் சுழியமாக்கிக் கொள்கிறோம். முதல் துளை வலப்பக்கம் 30. இரண்டாவது துளை வலப்பக்கம் 15, மேலே 25.98. மூன்றாவது இடப்பக்கம் 15, மேலே 25.98. மற்றவையும் இப்படியே. சைன், கொசைன் எதற்கு என்று வகுப்பில் கேட்கும் பிள்ளைக்கு இதோ விடை! பழைய இயந்திரத்தின் சக்கரம் அங்குலத்தில் இருந்தாலும் கவலையில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் எண் மில்லிமீட்டருக்கு மாறிவிடும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் எடைகள், அளவைகள் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை படிப்படியாக வேரூன்றியது. அதற்கு முந்திய இயந்திரங்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால், நேயர்களே, கருவியின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். எண்காட்டி தளர்வைக் குணப்படுத்துவதில்லை. தளர்வு நம்மை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. வெட்டும் கருவி இழுத்தால், தளர்வு உள்ள மேசை திடீரெனப் பாயும். ஆகவே நகர்த்த வேண்டாத திசையைப் பூட்டி வைப்பதை விட்டுவிடக் கூடாது. சறுக்கு வழி தேய்ந்து மேசை ஆடினால், அதையும் இக்கருவி சரிசெய்யாது. திரையில் 0.005 என்று தெரிவதால் வேலையும் 0.005 சுத்தமாக வந்துவிட்டது என்று எண்ணுவது பேதைமை. செய்து முடித்த துண்டை மைக்ரோமீட்டரால் அளந்து பார்ப்பவனே தொழிலாளி.

பெற்றோர்களே, பழைய இயந்திரம் வாங்குவதற்கே தாயின் நகையும் தந்தையின் சேமிப்பும் கரைந்திருக்கும் வீடுகள் உண்டு. அதற்கு மேல் இன்னொரு செலவா என்று நீங்கள் தயங்குவது இயல்பே. ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளர் கொடுத்த இரும்பு இரண்டு முறை கெட்டுப்போனால், அவர் மூன்றாம் முறை வரமாட்டார். ஆகவே மகனையோ மகளையோ உட்கார வைத்துக் கேளுங்கள்: “உன் இயந்திரத்தில் தளர்வு எவ்வளவு? சறுக்கு வழி நன்றாக இருக்கிறதா?” தளர்வை அளந்து சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எண்காட்டி வாங்கிக் கொடுக்கலாம். சொல்லத் தெரியாவிட்டால், முதலில் அதைக் கற்றுக்கொள்ளட்டும். பணம் பத்திரமாக இருக்கட்டும். சறுக்கு வழியே தேய்ந்திருந்தால், முதல் செலவு அதைச் சீர்செய்வதற்கே.

இருட்டில் ஒரு மில்லிமீட்டரைக் கையால் உணர்ந்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு, வெளிச்சத்தில் அதன் நூறில் ஒரு பங்கை அளப்பது எட்டாத காரியமல்ல. பொறுமையும் கணக்கும் கூடவே வந்தால் போதும்.