கைநாட்டு வைத்ததே குற்றத்துக்குச் சாட்சியா?

(மனித உரிமைகள் தினக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



தோட்டத்தில் ஒரு தொழிலாளியைத் துரை வேலையிலிருந்து நிறுத்தினால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "குற்றப்பத்திரம் எங்கே? விசாரணை எப்போது? அவர் பக்கத்தில் பேச யார் இருந்தார்கள்?" என்றுதான் கேட்கிறோம். அவர் தவறு செய்திருக்கலாம் என்று நமக்கே தோன்றினாலும் கேட்கிறோம். விசாரிக்காமல் தண்டிக்கக் கூடாது என்பது நம் சங்கத்தின் முதல் பாடம். பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடிபட்டவர்களுக்காகவும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

"அது வடக்கு, கிழக்குப் பிரச்சினை, நமக்கேன்?" என்று சிலர் நினைக்கலாம். யுத்த காலத்தில் கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சுற்றிவளைப்புகளில் பிடிபட்டதை நாம் மறக்கவில்லை. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாததே பலரைச் சந்தேக நபராக்கியது. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில், அரசின் காவலில் இருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி கொல்லப்பட்டார்கள். அது நடந்தது நம் மலையகத்தில்தான். இந்தச் சட்டம் ஓர் இனத்தோடு நின்றதுமில்லை. தெற்கில் சிங்கள இளைஞர்களும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின் முஸ்லிம் மக்களும் இதன் கீழ் அடைக்கப்பட்டார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்று ஆண்டுகளுக்கென்று தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டது. 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அமைச்சரின் உத்தரவில் ஒருவரை மும்மூன்று மாதமாக 18 மாதம்வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது. ஆனால் சட்டத்தின் மிக மோசமான பகுதியைத் தொடவில்லை. அது குற்ற ஒப்புதல் வாக்குமூலம் பற்றியது.

கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஒருவர் கோழி திருடினார் என்று பிடிபட்டு, "நான்தான் திருடினேன்" என்று பொலிஸாரிடம் சொன்னாலும், அந்த வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் வைக்க முடியாது. நாட்டின் சாதாரண சாட்சியச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பொலிஸ் அறைக்குள் என்ன நடக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியும். ஆனால் பயங்கரவாத வழக்கில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகிறது. அடித்து வாங்கியது என்றால் அதை நிரூபிப்பதும் கைதியின் பொறுப்பு. கோழித் திருட்டுக்கு இருக்கும் பாதுகாப்பு, ஆயுள் முழுக்கச் சிறையில் கழிக்க வேண்டிய வழக்குக்கு இல்லை.

இதனால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வழக்கே போதும். கிழக்கு மாகாணத்து இளைஞர் ஒருவர் 1993இல் கைதானார். தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கைநாட்டு வைக்க வைத்தார்கள், சித்திரவதை செய்தார்கள் என்பது அவரது முறைப்பாடு. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரர். அந்த வாக்குமூலத்தை முக்கிய சாட்சியாக வைத்து, 1995இல் மேல் நீதிமன்றம் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டானது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை, நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் வைத்தது தவறு என்று முடிவு சொன்னது. விடுதலை அல்லது மறுவிசாரணை வேண்டும் என்றது. 2006இல் நமது உயர் நீதிமன்றம் அந்த முடிவை ஏற்கவில்லை.

தெரியாத மொழியில் எழுதிய தாளில் கைநாட்டு வைப்பது எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பாட்டன் பூட்டன் காலம் முதல் அப்படி வைத்து ஏமாந்தவர்கள் நாம்.

குண்டு வைத்தவனை விட்டுவிடு என்று நாங்கள் சொல்லவில்லை. குண்டில் இறந்தவர்களும் உழைத்துச் சாப்பிட்டவர்கள்தான். அவர்களின் குடும்பங்களுக்கு நீதி வேண்டும். ஆனால் அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் ஒரு நிரபராதி உள்ளே போனால், உண்மையான குற்றவாளி வெளியே இருக்கிறான். அது செத்தவர்களுக்கும் அநியாயம்.

ஆகவே எமது கோரிக்கை இது: பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் எந்த வழக்கிலும் சாட்சியாகக் கூடாது. கைதான நேரம் முதல் சட்டத்தரணியும், கைதிக்குத் தெரிந்த மொழியும் கிடைக்க வேண்டும். வழக்குப் போடு, இல்லையேல் விடுதலை செய். புதிய சட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் இதை வைத்தே அதை அளப்போம்.

உங்கள் லயத்தில் ஒருவரைப் பிடித்துச் சென்றால் பயந்து கதவைச் சாத்தாதீர்கள். எந்தப் பொலிஸ், என்ன காரணம், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேளுங்கள். கைதுக்கான காரணத்தை அறிவது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தந்த உரிமை. திகதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் நாளைக் கடத்தாமல் அன்றைக்கே தோட்டத் தலைவருக்குச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

ஒரு தொழிலாளியை விசாரிக்காமல் நிறுத்தினால் பிரட்டுக்களத்தில் எல்லோரும் சேர்ந்து நிற்கிறோம். சிறையில் விசாரணையின்றிக் கிடப்பவருக்காகவும் அப்படியே நிற்போம்.