முகத்துவாரம் திறந்திருந்தால்தான் குழம்பில் மீன் இருக்கும்

(நமது குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தண்ணீர், லிப்ட், பார்க்கிங் என்று பேசி முடித்த களைப்பில் இருப்பீர்கள். மீனைப் பற்றிப் பத்து நிமிடம் பேச அனுமதி கொடுத்த சங்கத்துக்கு நன்றி. சைவர்களும் கேட்கலாம், கடைசியில் விஷயம் தண்ணீரிடம்தான் வந்து சேரும்.

மீன் விற்கும் செயலிகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று ஒன்று வருகிறது. பெயரைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். அது நம் ஊர் காலா மீன். மார்புத் துடுப்புக்குக் கீழே நூல் மாதிரி இழைகள் தொங்கும். உண்மையான சால்மனுக்கும் இதற்கும் உறவு கிடையாது.

உண்மையான சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் பிறந்த ஆற்றுக்கே ஏறி வரும். நம் கொடுவா அதற்கு நேர் எதிர். முகத்துவாரத்தின் உப்புத் தண்ணீரில் முட்டையிடும். குஞ்சுகள் கழிமுகத்துக்கும் ஆற்றுக்கும் ஏறி வளரும். பெரிதானதும் கீழே இறங்கும். கடலில் பிறக்கும் வெள்ளை இறால் குஞ்சும் உப்பங்கழிக்குள் வந்துதான் வளர்கிறது. விலாங்கும் அப்படியே: பிறப்பது கடலில், வளர்வது ஆற்றில். போகும் திசை வேறாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் தேவை ஒன்றுதான். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள கதவு திறந்திருக்க வேண்டும்.

நம் கதவு பக்கத்திலேயே இருக்கிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து சுமார் 348 கிலோமீட்டர் வரும் பாலாறு, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலில் சேர்கிறது. வறண்ட மாதங்களில் மணல்மேடு வாயை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு திறக்கும். 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தைப் பாலத்தில் நின்று பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள்.

அதே வாயலூரில் 2019-இல் தடுப்பணை கட்டினார்கள். கடல்நீர் உள்ளே ஏறாமல், நிலத்தடி நீர் உப்பாகாமல் காக்க அது தேவை. நம் குழாயில் வரும் தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு. அணையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் மனிதனுக்குத் தண்ணீர் நிறுத்தும் சுவர் மீனுக்குச் சாத்திய கதவு என்பதை மறக்கக் கூடாது.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் காவிரியே சாட்சி. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் மீனுக்குத் தமிழில் உல்லம் என்று பெயர். சால்மனைப் போலவே கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடும் மீன் அது. ஒரு காலத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி வந்தது. 1934-இல் மேட்டூர் அணை வந்து வெள்ளம் குறைந்தபின் அந்த வரத்து சுருங்கிப்போனதாக மீன்வள ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று தஞ்சாவூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு உல்லம் தெரியும்?

அதே மீனைக் காப்பாற்றிக் காட்டியது வங்கதேசம். முட்டையிடும் காலத்தில் 22 நாள் பிடிக்கத் தடை. 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சைப் பல மாதங்களுக்குத் தொடக் கூடாது. தடைக் காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு அரிசி கொடுக்கிறது. 2002-03-இல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த பிடிப்பு, 2017-18-இல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. அரிசி கொடுத்ததை நான் அழுத்திச் சொல்கிறேன். அடுப்பு எரியாத வீட்டில் போய் ‘மீன் பிடிக்காதே’ என்று சட்டம் பேச முடியாது.

நமக்கும் தடைக்காலம் உண்டு. தமிழ்நாட்டில் 2001-இல் 45 நாளாகத் தொடங்கி, இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆனால் அது விசைப்படகுகளுக்கானது. புதுப்பட்டினம் குப்பத்திலும் உய்யாலிகுப்பத்திலும் கரையோரம் தொழில் செய்யும் சிறு படகுகளுக்கு அது பொருந்தாது. பொருந்தவும் வேண்டாம், அது அவர்கள் அன்றாடப் பிழைப்பு. ஆனால் அந்தத் தடையால் மட்டும் முகத்துவாரத்தில் வளரும் குஞ்சுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. அந்த இடத்தில்தான் வாங்குகிறவர்களான நம் பங்கு வருகிறது.

நான்கு விஷயங்கள் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: ஒரு சாண் நீளம்கூட இல்லாத கொடுவா, காலா குஞ்சுகளை வாங்காதீர்கள். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பெரிதான பிறகே பெண்ணாக மாறும். குஞ்சிலேயே பிடித்தால் முட்டையிடத் தாய் மீனே மிஞ்சாது. கேரளாவில் மத்திக்கே 10 சென்டிமீட்டர் என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறார்கள்.

இரண்டு: சின்ன மீன் வேறு, குஞ்சு மீன் வேறு. நெத்திலியும் காரப்பொடியும் வளர்ந்தாலே அவ்வளவுதான். குழந்தைகளுக்கு முள் இல்லாத மீன் வேண்டும் என்று எப்போதும் காலா, கொடுவா, வஞ்சிரத்தையே தேடாமல் வாரத்துக்கு ஒரு நாள் நெத்திலி வாங்குங்கள். விலையும் குறைவு.

மூன்று: செப்டிக் டேங்க் லாரி நம் வளாகத்தை விட்டு வெளியே போனதும் நம் கடமை முடிந்துவிடவில்லை. கால்வாயில் கொட்டினால் அது கழிக்குத்தான் போகும். சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கிய ரசீதைக் காட்டினால்தான் பணம் என்று சங்கம் ஒரு தீர்மானம் போடலாம்.

நான்கு: தடுப்பணையில் மீன் ஏறி இறங்கப் படிவழி அமைப்பது பற்றி நீர்வளத் துறைக்கும் மீன்வளத் துறைக்கும் ஒரு மனு. நாம் மட்டும் எழுதினால் போதாது. குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் முதலில் போய்ப் பேசி, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்கள் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். மீனின் வழி அவர்களுக்குத்தான் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மனுவால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இதே பாலாற்றின் மேல்புறத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வழக்குப் போட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம். நம்மைப் போல ஒரு குடிமக்கள் அமைப்புதான். 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்தியாவின் சூழல் வழக்குகளில் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆற்றின் மேல்புறத்தில் இருப்பவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். நாம் இருப்பது வாய்ப்புறத்தில். மனுவின் வரைவைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். குப்பத்துக்குப் போக என்னுடன் வர விருப்பமுள்ளவர்களும் இன்றே பெயர் கொடுங்கள்.