கனிவு யாருடையது?

பள்ளிக்கூட நாட்களில் காய்ச்சல் வந்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது எழுதிய வாக்கியம் ஒன்று உண்டு: 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்.' காய்ச்சல் மெய்யோ பொய்யோ, வாக்கியம் மாறாது. வளர்ந்த பிறகு வங்கி மேலாளருக்கும் மின்வாரியப் பொறியாளருக்கும் இதையே எழுதினோம். இப்போது மின்னஞ்சலில் எழுதுகிறோம்.

இந்த வாக்கியத்தில் கனிவு யாருடையது? லீவு தரவேண்டியவர் தலைமையாசிரியர். மனமிரங்க வேண்டியவரும் அவர்தான். ஆனால் 'கைண்ட்லி' போய் ஒட்டிக்கொண்டிருப்பது 'ரிக்வெஸ்ட்' மேல். ரிக்வெஸ்ட் செய்கிறவன் நான். ஆக, 'நான் பெரிய மனசு பண்ணி உங்களிடம் லீவு கேட்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். 'ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்' என்றால் குற்றமில்லை. பணிவு கேட்கிறவனுடையது, கேட்பதும் அவனே. கனிவு கொடுக்கிறவர் பக்கம் இருக்கவேண்டிய சரக்கு.

ஒரு செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் வினையடையை ஆங்கிலத்தில் கையாளுவது, பந்தியில் ஆளை உட்கார வைப்பது போன்ற காரியம். பக்கத்தில் யார் என்பதைப் பொறுத்துப் பேச்சே மாறிவிடும். 'ஹி ஆன்சர்ட் த லெட்டர் கைண்ட்லி' என்று கடைசியில் வைத்தால், பதிலின் தொனி அன்பாக இருந்தது. 'ஹி கைண்ட்லி ஆன்சர்ட் த லெட்டர்' என்று வினைக்கு முன்னால் வைத்தால், பதில் போட்டதே அவருடைய பெருந்தன்மை. உள்ளே நாலு திட்டுகூட இருக்கலாம். அதே ஐந்து சொற்கள்தான். ஒன்று மட்டும் இடம் மாறியது. ஒரு மொழியின் நயம் இப்படிப்பட்ட மூலைகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

வைக்கக்கூடாத இடமும் ஒன்று உண்டு. வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே: 'ஹி ஆன்சர்ட் கைண்ட்லி த லெட்டர்.' இது ஆங்கிலக் காதில் உறுத்தும். நமக்கு உறுத்தாததற்குக் காரணம் இருக்கிறது. 'கடிதத்தை அன்பாக எழுதினார்', 'அன்பாகக் கடிதத்தை எழுதினார்' இரண்டும் நமக்குச் சம்மதம். 'ஐ' உருபு கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதால், நடுவில் யார் நுழைந்தாலும் உறவு அறுவதில்லை. ஆங்கிலத்தில் அந்த உருபு கிடையாது. ஒட்டி நிற்பதுதான் அங்கே உறவு.

சரி, லீவுக் கடிதத்தைத் திருத்துவோம். 'ஐ ரிக்வெஸ்ட் யூ கைண்ட்லி டு கிராண்ட்' என்று எழுதினால், கைண்ட்லி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் மதில்மேல் பூனையாக நிற்கிறது. 'டு கைண்ட்லி கிராண்ட்' என்றால் ஐயமே இல்லை. ஆனால் 'டு'வையும் வினையையும் பிரிக்காதே என்று ஒரு கூட்டம் வரும். கேன்டர்பரி தேவாலயத்தின் டீனாக இருந்த ஹென்றி ஆல்ஃபோர்டு 1864-லேயே தம் நூலில் இந்தப் பிரிவினையைக் கண்டித்திருக்கிறார். அவருக்கு மரியாதை செலுத்திவிட்டு நான் பிரித்தே எழுதுவேன். பொருள் தெளிவாகிறதே! பிரிக்க மனமில்லாதவர்களுக்குச் சுலபமான வழி, ரிக்வெஸ்ட்டையே விட்டுவிட்டு 'கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்' என்பது. முன்னால் 'ப்ளீஸ்' வேண்டாம். ஒரு தயவு போதும்.

இந்தச் சொல்லின் பிறப்பு அழகானது. பழைய ஆங்கிலத்தில் 'கைண்ட்' என்பதற்கு இயல்பு, பிறவிக்குணம் என்று பொருள். உறவினரைக் குறிக்கும் 'கின்' அதன் ஒன்றுவிட்ட சகோதரன். வால்போல வரும் 'லி', உடல், உருவம் என்று பொருள்பட்ட பழஞ்சொல்லின் மிச்சம். இயல்பு என்ற சொல் எப்படிக் கனிவு ஆயிற்று என்று வியக்கவேண்டாம். 'தன்மை' என்றால் நமக்கும் இயல்புதான். ஆனால் 'தன்மையாகப் பேசினார்' என்றால் கனிவாகப் பேசினார் என்றுதானே புரிந்துகொள்கிறோம்?

இன்னொன்று. கைண்ட்லியை நாம் கைகட்டி நின்று சொல்கிறோம். இங்கிலாந்துக்காரர் காதில் அது பல சமயம் விறைப்பாக விழும். பல்லைக் கடித்துக்கொண்டு, 'கொஞ்சம் வாயை மூடுகிறீர்களா' என்று சொல்லும்போதும் அவர்கள் எடுப்பது இதே சொல்லைத்தான். அங்கே உள்ளவருக்கு எழுதுவதானால் 'ப்ளீஸ்' என்று நிறுத்திக்கொள்ளலாம்.

ரயில் நிலையத்தில் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஒலிக்கிறதே, அது சுத்தமான வாக்கியம். கனிவு பயணிகளுக்கே போகிறது. ஆனால் தமிழ் அறிவிப்புப் பலகைகளிலும் நாம் சறுக்குவது உண்டு. 'அமைதி காக்கும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்கிறோம்.' 'தயவுசெய்து' என்பது வினையெச்சம். பின்னால் வரும் வினையை எவர் செய்கிறாரோ, தயவும் அவர் செய்வதே. இங்கே தயவு செய்வது பலகை வைத்தவர் என்று ஆகிறது. லீவுக் கடிதத்தின் தவறேதான். ஆங்கிலத்திலிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்று வழக்காடலாம்.

கல்யாண மண்டபத்து மைக்கில் மட்டும் இந்தக் குழப்பமே வராது. 'வாசலை மறித்து நிற்கும் வெள்ளைக் காரின் உரிமையாளர் தயவுசெய்து வண்டியை எடுக்கவும்.' எடுப்பவரும் அவர், தயவு செய்பவரும் அவர். என்ன, அந்த நேரம் அவர் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருப்பார்.