ஹைட்ரஜன் குடித்த உலோகப் படலம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான், அதுக்குள்ள முடிச்சிரணும்" என்று செயலாளர் அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மாவட்டத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் நெருங்கிய உறவு உண்டு. பணகுடிப் பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. 2023 ஜூலையில் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் என்ஜின் அங்கே சோதிக்கப்பட்டதுதான். அதன் எரிபொருள், மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜன். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். கசிவைக் கண்டுபிடிக்க மூக்கு உதவாது, உணர்கருவி வேண்டும்.

அப்படிப்பட்ட கருவிகளில் ஒரு வகை, பல்லேடியம் மென்படலத்தால் ஆனது. பல்லேடியம் தன் பருமனைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். தாமஸ் கிரஹாம் 1866லேயே சொன்ன செய்தி. குடித்தால் வயிறு உப்பத்தானே செய்யும்? நீளவாக்கில் சுமார் மூன்றரை சதவீதம் உப்புகிறது. தனிக் கட்டியாக இருந்தால் உப்பிவிட்டுப் போகட்டும். கண்ணாடிமேல் ஒட்டின படலம் எங்கே போகும்? தாமிரபரணிக் கரை வீடுகளில் ஐப்பசி மழைக்குக் கதவு உப்பி நிலையில் இறுகுமே, அதே கதைதான். பக்கவாட்டில் இடமில்லாமல் உள்ளுக்குள் தகைவு ஏறும். அளவு மீறினால் படலம் கொப்புளித்து உரிந்துவிடும். அன்றோடு கருவி போச்சு.

"தகைவைக் கணக்குப் போட்டே சொல்லிரலாமே சார், எதுக்கு அளக்கணும்?" என்று ஒரு மாணவர் சற்றுமுன் கேட்டார். நல்ல கேள்வி. மூன்றரை சதவீதத்தைச் சூத்திரத்தில் போட்டால் பல கிகா பாஸ்கல் வரும். அளந்தால் பெரும்பாலும் ஒன்று, இரண்டுதான். பாதி வழியிலேயே படலம் நிரந்தரமாக உருமாறி விட்டுக்கொடுத்துவிடுகிறது. எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பது தடிமன், ஒட்டியிருக்கும் உறுதி, பூசிய விதம் எல்லாவற்றையும் பொறுத்தது. கணக்கை நம்பிக் கருவி செய்ய முடியாது, அளந்துதான் ஆகணும்.

எப்படி அளப்பது? நோட்டு அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் காகிதம் ஒட்டிக் காயவைத்தால் அட்டை வளையும், பார்த்திருப்பீர்கள். 1909ல் ஸ்டோனி என்பவர் எஃகுப் பட்டையில் நிக்கல் பூசி இதையேதான் பார்த்தார். வளைவிலிருந்து தகைவைக் கணக்கிடும் சூத்திரமும் தந்தார். அதில் ஒரு சௌகரியம்: படலத்தின் யங் குணகம் தெரியவே வேண்டாம். அடியில் இருக்கும் கண்ணாடியுடையது தெரிந்தால் போதும்.

நம் ஆய்வகத்துக்கே ஒரு கணக்கு சொல்கிறேன். மைக்ராஸ்கோப் கவர் ஸ்லிப்பில் 3 சென்டிமீட்டர் நீளத் துண்டு, தடிமன் 0.15 மில்லிமீட்டர். அதன்மேல் 100 நானோமீட்டர் பல்லேடியம். அரை மில்லிகிராம்கூடச் செலவாகாது, விலையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு முனையைக் கவ்விவிட்டால், 1 கிகா பாஸ்கல் தகைவுக்கு மறுமுனை 0.13 மில்லிமீட்டர்தான் அசையும். கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் அந்த முனையில் லேசரைப் பட வைத்தால், 3 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒளிப்புள்ளி 5 சென்டிமீட்டர் நகரும்! பி.எஸ்சி.யில் ஆப்டிக் லீவர் வைத்து நாம் மல்லுக்கட்டினோமே, அதேதான்.

வாயு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். நைட்ரஜனில் 4 சதவீதத்துக்கும் குறைவாக ஹைட்ரஜன் கலந்த சிலிண்டர்தான், அதுவும் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதுதான்.

ஹைட்ரஜனை வெளியேற்றினால் புள்ளி திரும்பி வரும். ஆனால் பழைய இடத்தில் நிற்காமல், தாண்டி மறுபக்கம் போகும். விட்டுக்கொடுத்த படலம் இப்போது இழுபடுகிறது. இரண்டாம், மூன்றாம் சுற்றில் எங்கே போய் நிற்கும்? மாணவர்கள் அளந்து பார்த்து அடுத்த மலருக்கு எழுதி அனுப்புங்கள்.