அந்தப் பெண்ணைக் கேட்டீர்களா?
(பள்ளி மாணவர் நாடாளுமன்ற நிறைவில் ஆற்றிய உரை)

இம்மாணவர் நாடாளுமன்றத்தைத் திறம்பட நடத்திய இளஞ்செல்வங்களே!

பெண்ணின் மணவகவையை 21 ஆக உயர்த்தும் சட்டவரைவை இன்று நீங்கள் ஆய்ந்தீர்கள். இது வெறும் கற்பனைப் பொருளன்று. 1929-ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 அகவை என வரையறுத்தது. அது படிப்படியே உயர்ந்து 1978-இல் 18 ஆயிற்று. 21 ஆக்கும் வரைவு 2021-இல் மக்களவையில் வைக்கப்பெற்று நிலைக்குழுவுக்குச் சென்றது. 2024-இல் அவ்வவை கலைந்தபோது சட்டமாகாமலே வீழ்ந்தது.

அமைச்சராக நின்ற மாணவி, "படிப்பு முடியுமுன் கழுத்தில் தாலி ஏறலாகாது" என்றார். எதிர்வரிசை மாணவரோ, "18 என்னும் வரம்பே மீறப்படுகையில் 21 என எழுதி என்ன பயன்? கல்லூரிக்கு வழி செய்யுங்கள்; மணம் தானே தள்ளிப்போகும்" என மறுத்தார். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்கும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 உருபா வழங்க 2022-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தையும் சான்றாகக் காட்டினார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் தடையின்றி வாதிட்டது கண்டு மகிழ்ந்தேன். வீட்டில் பேசும் தமிழிலேயே அவை நடந்ததன் பயன் அது.

அப்போது பின்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தார். "அந்தப் பெண்ணை யாரேனும் கேட்டீர்களா?" என்றார். அவை அடங்கியது, என் நெஞ்சும் அடங்கியது.

பல்லாண்டுகட்கு முன் என் வகுப்பில் நன்கு பயின்ற மாணவி ஒருத்தி, அறுவடை விடுமுறைக்குப் பின் வரவில்லை. மணமாகிவிட்டது என்றனர். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்மீது கோடிட்டேன். அடுத்த பெயரை அழைத்தேன். அவள் வீட்டுப்படி ஏறி ஒரு சொல் கேட்டேனல்லேன். அறநூல்களை ஆண்டுதோறும் நடத்திய நான் அன்று வாளாவிருந்தேன். அக்கோடு இன்றும் என் நெஞ்சில் அழியவில்லை.

செல்வங்களே! உங்கள் வரைவு சில வாக்குகளில் தோற்றது. அதற்காக வருந்தற்க. இவ்விருக்கைகள் நாளை வகுப்பறைக்குத் திரும்பிவிடும். அவ்வினா திரும்பிவிடலாகாது. உங்கள் தெருவில் ஒரு பெண்ணின் படிப்பு நிறுத்தப்படுகையில், இங்கே எழுந்ததுபோல் அங்கும் எழுந்து நின்று கேளுங்கள். நான் கேளாது விட்டதை நீங்கள் கேளுங்கள்.

வாழ்க நும் துணிவு!